முகம் வகுத்த சக்தியும் புற்றுநோயும்

தீமை என்பது தனி மூலம் உடையதொரு பொருளா, அல்லது நன்மை செய்யும் அதே சக்தி காலமும் எல்லையும் தவறி இயங்குவதற்கு நாம் இட்ட பெயரா என்னும் வினா, பாரசீகத்து மானி ஒளிக்கும் இருளுக்கும் தனித்தனித் தலைமை வகுத்த நாளிலும், அவர் நெறியில் சில காலம் நின்று பின்னர் விலகிய அகஸ்டின் தீமையானது நன்மையின் குறைவேயன்றி வேறில்லை என்று வாதித்த நாளிலும், ஆணவ மலம் செம்பிற் களிம்புபோல் உயிரோடு அநாதியாகவே உள்ளதென்று சைவ சித்தாந்திகள் சாதித்த நாளிலும், தத்துவ விசாரத்தின் நடுவிடத்தில் நின்றதொன்றாகும். அதனைச் சரீரத்தின் மட்டில் வைத்து ஆராய்வோர்க்குக் கருவியல் இன்று பெருந்துணை புரிகிறது.

கரு உருவான நான்காம் வாரத்தில், மூளையும் தண்டுவடமும் ஆகவேண்டிய நரம்புக்குழலின் முகட்டில் ஒருவகை உயிரணுக்கள் தோன்றுகின்றன. 1868-ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் ஹிஸ் கோழிக்கருவில் கண்டு விவரித்த அந்த அணுக்கள், ஸ்னெய்ல், ட்விஸ்ட் முதலிய மரபணுக்களின் ஏவலுக்கு இணங்கி, அண்டை அணுக்களோடு கொண்ட பிணைப்பைத் தளர்த்திக்கொண்டு, தமக்குரிய வழிகளில் நெடுந்தூரம் சென்று, தாடையாகவும் கன்ன எலும்பாகவும் முகத்து நரம்புகளாகவும் தோலுக்கு நிறம் தரும் அணுக்களாகவும் அமைகின்றன. எட்டாம் வாரத்திற்குள் மனித முகம் வகுக்கப்பட்டுவிடுகிறது. ட்விஸ்ட் மரபணுவின் ஒரு பிரதி பழுதுபட்டாலே மண்டையோட்டின் பொருத்துகள் காலத்துக்கு முன்பே மூடி, குழந்தையின் முகம் கோணிவிடுவதுண்டு.

அமெரிக்காவில் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தார், எலியின் மார்பகப் புற்றணுக்கள் நுரையீரலுக்குப் பரவும் விதத்தை ஆராய்ந்து, அப்பரவலுக்குத் துணைநிற்பது இதே ட்விஸ்ட் என்றும், அதனை அடக்கினால் பரவல் வெகுவாகக் குறைகிறதென்றும் 2004-இல் வெளியிட்டனர். முகத்தை ஆக்கிய கட்டளையே, வயது முதிர்ந்த உடலில் மீண்டும் விழித்து, உயிரைக் குடிக்கும் கட்டளையாகிறது!

என் உள்ளத்தை இதனினும் ஆழமாகத் தொட்டது 2006-இல் பால் குலேசாவும் மேரி ஹெண்ட்ரிக்ஸும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட சோதனை. நிற அணுக்களில் தோன்றும் மெலனோமா என்னும் கொடிய புற்றின் மனித அணுக்களைக் கோழிக்கருவின் நரம்புக்குழலில் அவர்கள் வைத்தபோது, அவை கட்டியாகத் திரளாமல், தம் மூதாதை அணுக்கள் சென்ற அதே வழிகளில் நடந்தன. அவற்றுட் சில, இயல்பான நிற அணுவின் அடையாளத்தையும் மீளக் காட்டின. அகஸ்டின் கூறிய குறைவு இயங்கும் சக்தியில் இல்லை; அதனைச் சூழ்ந்திருந்து நெறிப்படுத்தும் ஒழுங்கில்தான் நேர்ந்திருக்கிறது என்றே நான் கொள்கிறேன். ஆணவத்தைப் பற்றிய சித்தாந்தம் உயிரைக் குறித்ததாதலால், அதனை அணுக்களைக் கொண்டு அளப்பது முறையாகாது. ஆயினும் சரீரத்தைப் பொறுத்தவரை, மானி கண்ட அந்நிய இருளுக்கு இங்கே இடமில்லை.

நோயுற்றவரின் கட்டிலருகே நின்று, "எந்த ஜன்மத்துப் பாவமோ" என்று இரக்கத்தின் பெயரால் பழி சுமத்தும் வழக்கம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. வினைக் கொள்கையை நுண்ணோக்கி மறுத்துவிட்டதென்று நான் சொல்லவில்லை. ஆனால் முகம் பெற்றுப் பிறந்த ஒவ்வொருவரும் இச்சக்தியைத் தம் அணுக்களில் தாங்கியே பிறந்திருக்க, ஒருவரை மட்டும் குற்றவாளியாக நிறுத்த நமக்கு யாதொரு நியாயமும் இல்லை. பெரியோர்களே, அந்தச் சொல்லை இனி எந்த நோயாளியின் செவியிலும் விழச் செய்யாதீர்கள்.