கெடுக்கணும்னா செஞ்சேன்?

தளவாய்புரம் பக்கம் கண்மாய்ப் படியில் யாராவது வழுக்கி விழுந்தால் முதல் திட்டு பாசிக்குத்தான். அந்தத் திட்டை வாங்கும் கூட்டத்தில் நீலப்பச்சைப் பாசியும் ஒன்று. நாம் மூச்சு விடுவதே அதன் முன்னோர் உபயம் என்றால் நம்புவீர்களா?

ராஜஸ்தானில், உதய்ப்பூருக்குப் பக்கத்தில் ஜாமர்கோட்ரா என்று ஓர் இடம். இன்று அங்கே பொட்டுக் கடல் கிடையாது. சுமார் 180 கோடி வருஷத்துக்கு முன்னால் இருந்தது. ஆழமில்லாத, வெயில் தரை வரை எட்டுகிற கடல். அந்தத் தரையில் இந்த நுண்ணுயிர்கள் கொழகொழவென்று ஜமுக்காளம் விரித்த மாதிரி படர்ந்தன. மேலே மண் துகள் வந்து ஒட்டும், வெளிச்சம் மறையும். உடனே அதற்கு மேலே ஏறி இன்னொரு ஜமுக்காளம். இப்படி அடுக்கடுக்காக வளர்ந்து கல்லாகிப்போனதுதான் ஸ்ட்ரோமடோலைட். குறுக்கே வெட்டினால் முட்டைக்கோஸை நறுக்கிய மாதிரி வரிவரியாக இருக்கும். அங்கே ஒரு பகுதியை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. பாறையில் பாஸ்பேட் இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் உரத்துக்காக வெட்டியும் எடுக்கிறார்கள்.

இந்த வம்சம் ஜாமர்கோட்ராவை விடவும் பழசு. வெயிலை வைத்துத் தனக்குச் சமைத்துக்கொண்டு, வேண்டாமென்று வெளியே தள்ளிய கழிவுதான் ஆக்ஸிஜன். சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னால் அது காற்றில் சேர ஆரம்பித்தது. அதற்குப் பழகாத அன்றைய உயிர்கள் பலவற்றுக்கு அது விஷம். வெகுகாலம் கழித்து வந்த நமக்கு அதுவே உயிர்.

சரி, பாசிக்கு நன்றி சொல்லலாமா? "அது என்ன நமக்காகவா செஞ்சுது? அது பாட்டுக்குத் தின்னுச்சு, கழிச்சுச்சு. இதுல என்ன சார் புண்ணியம்?" என்பீர்கள். நியாயம்தான். புண்ணியம் இல்லையென்றால், அன்று செத்த உயிர்களுக்காகப் பாவமும் அதன் கணக்கில் இல்லை. ஒன்றை மட்டும் விட்டுக் கொடுக்க முடியாது.

இப்போது நம் கணக்கைப் பாருங்கள். ராஜபாளையத்துக்கு பைக்கில் போய் வருகிறோம். ராத்திரி ஏ.சி. போட்டுத் தூங்குகிறோம். "யாரையும் கெடுக்கணும்னா செஞ்சேன்?" என்று கேட்டால், இல்லைதான். பேச வாய் இருந்தால் பாசியும் அதைத்தான் சொல்லும்.

ஆனால் பாசிக்குத் தெரியாது. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அளந்து எழுதி வைத்திருப்பது நாம்தான். பிறகும் 'எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை' என்கிறோம்.

பாசிக்கு அந்தப் பதில் போதும். மீட்டரைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறவனுக்குப் போதுமா?