கண்ணுக்கும் விருந்து

புதிய யோசனைக்காக எங்கெங்கோ தேடுகிறோம். காலையில் உழவர் சந்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள். 1999-இல் மதுரை அண்ணா நகரில் முதன்முதலாகத் தொடங்கிய இந்தச் சந்தைகளில், பக்கத்து ஊர்க் காய்கள் பறித்த ஈரம் காயாமல் வந்து இறங்குகின்றன.

ஊதாக் கத்தரிக்காயின் தலையில் பச்சைக் காம்பு. சேலையின் உடலுக்கு எடுப்பான கரை எது என்று தேடும் நெசவாளருக்கு அதிலேயே விடை இருக்கிறது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பெரும்பாலும் ஐந்து அறைகள், ஐந்திலும் விதை. வாழைப்பூவின் மடலை விலக்கினால் வரிசை பிசகாத பூக்கள். மடல் பூவைக் காக்கிறது, அறை விதையைக் காக்கிறது. வெறும் அலங்காரம் என்று அங்கே எதுவும் இல்லை.

கோலம் போடுபவர், துணி தைப்பவர், சுவருக்கு வண்ணம் தேடுபவர் எல்லோருக்கும் இது பாடம். விளைவித்தவர் கையில் நேரே வாங்கினால் அவருக்கும் நியாயமான விலை கிடைக்கும், நமக்கும் பருவம் புரியும்.

இன்று காய் நறுக்கும் முன் ஒரு நிமிடம் அதை உற்றுப் பாருங்கள். பார்க்கப் பழகிய கண்ணுக்கு யோசனைப் பஞ்சம் வராது.