ஈரத் தானியமும் ஏஜண்டு வார்த்தையும்



நாம் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதும் தொடக்கப் பள்ளியில் படித்ததுமே நம் கல்வி. மற்றதெல்லாம் தராசுக்குப் பின்னால் நின்று கற்றது. சொல்வதில் பிழையிருந்தால் ஆலிம்சாமார் திருத்தட்டும். ஆனால் விஷயம் நம்முடையது. நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு ஆள் கொடுக்கும் கண்டிராக்டர்களில் நம்மவர் உண்டு. அந்த ஆட்களுக்கு அரிசி, பருப்பைப் பற்றில் கொடுக்கும் கடைக்காரர்களிலும் நம்மவர் உண்டு.

நம் கடையில் பேரேடு வைத்திருக்கும் ஒரு கண்டிராக்டர் நல்ல மனிதர், ஐவேளைத் தொழுகையாளி. செம்பனைக் குலை வெட்ட, ஏஜண்டு மூலம் வெளிநாட்டு ஆட்களை எடுத்தார். வந்து மூன்று மாதமாகியும் அவர்கள் அரிசி, உப்பு, கருவாடு தவிர வேறொன்றும் வாங்கவில்லை. ஒரு நாள் ஒரு பையன் சோப்புக் கட்டியைக் கையில் எடுத்தான், விலையைக் கேட்டான், திரும்ப வைத்துவிட்டான். உட்கார வைத்து விசாரித்தோம். ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜண்டின் ஆளுக்குப் பணம் கட்டியிருக்கிறான். இங்கே வந்தபின் சம்பளத்திலும் மாதாமாதம் பிடிக்கிறார்களாம்.

கண்டிராக்டரிடம் சொன்னோம். “நானா, நான் அவனிடம் ஒரு காசு வாங்கவில்லை. ஏஜண்டு கூலியை நான்தான் கொடுத்தேன்” என்றார். உண்மைதான். சம்பளத்தில் பிடிப்பதும் ஏஜண்டு எழுதிக் கொடுத்த கணக்குப்படிதான். ஏஜண்டைக் கேட்டீரா என்றோம். கேட்டிருக்கிறார்! கிடைத்த பதில்களைக் கேளுங்கள்.

ஆளிடம் பணம் வாங்கினீர்களா என்றால், “அது ஊர்ப் பக்கத்துச் சமாசாரம், எங்களுக்குச் சம்பந்தமில்லை.” ரசீது எங்கே என்றால், “பெரிய ஆபீசில் இருக்கிறது.” ஒப்பந்த நகல் கேட்டால் ஒன்று வருகிறது, ஆள் ஊரில் கையெழுத்துப் போட்டது வேறு, அதில் எழுதிய சம்பளமும் வேறு. பாஸ்போர்ட்டு பெர்மிட் புதுப்பிக்கப் போயிருக்கிறதாம், மாதக்கணக்காக. இன்னும் நெருக்கினால் போனில் பேசும் ஆள் மாறுகிறான், கம்பெனிப் பெயரும் மாறுகிறது. கடைசியாக வருவது, “இத்தனை கேள்வி கேட்டால் அடுத்த தடவை ஆள் கிடைக்காது” என்ற பேச்சு. இங்கேதான் நம் கண்டிராக்டர் வாயை மூடிக்கொண்டார். வெட்ட ஆளில்லாமல் குலை பழுத்து உதிர்ந்தால் தோட்டத்து மேனேஜர் விடுவாரா? அவர் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல.

ஆனால் சகோதரர்களே, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்ட வரலாறு நாம் மதரஸாவில் ஓதியதுதானே. மேலே காய்ந்திருந்தது. கையை உள்ளே விட்டார்கள்; விரலில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. ஈரத்தை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று உணர்த்தினார்கள். ஏஜண்டு காட்டும் கடிதங்கள் மேல் தானியம். கையை உள்ளே விடாதவரை நமக்கு ஈரம் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்வது சுகமாகவும் இருக்கிறது! நாமும் அந்த ஆட்களின் பற்றைக் கண்டிராக்டர் கையால் வசூலித்தோமே ஒழிய, மூன்று மாதம் ஒன்றும் கேட்கவில்லை.

இது புதுத் தந்திரமும் அல்ல. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த இந்திய ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது; கங்காணி முறை ஓங்கியது. கங்காணிக்கு ஆள் வேலைக்கு இறங்கிய நாளுக்கெல்லாம் தலைக்காசு. 1938இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதைத் தடுத்ததும் அதுவும் ஓய்ந்தது. இலங்கையில் ஆளின் கடனைத் ‘துண்டு’ என்ற சீட்டில் எழுதி, கடனைக் கட்டும் துரைக்கு ஆளை மாற்றிவிட்டார்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது. சீட்டு போயிற்று. கடன்பட்டவன் வாய் திறக்கமாட்டான் என்ற கணக்கு மட்டும் போகவில்லை.

மறுமையை நினைக்காதவரும் வியாபாரத்தை நினைக்கட்டும். 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்க இலாகா சைம் டார்பி பிளாண்டேஷன் கம்பெனியின் பாமாயிலைக் கட்டாய உழைப்பு என்று சொல்லித் தடுத்தது. ஆட்கள் ஏஜண்டுகளுக்குக் கட்டிய பணத்தைக் கம்பெனி திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2023 பிப்ரவரியில்தான் தடை நீங்கியது. வாங்கியது ஏஜண்டு, கொடுத்தது முதலாளி! அத்தனை பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால் நம் கண்டிராக்டர் எம்மாத்திரம்? பிறர் பாஸ்போர்ட்டைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட்டுச் சட்டப்படி குற்றம். இந்தியாவிலும் பதிவு பெற்ற ஏஜண்டு ஓர் ஆளிடம் 30,000 ரூபாயும் அதன் வரியும் தவிர வாங்கக் கூடாது. வாங்கினால் ரசீது தரவேண்டும். ஆகவே தமிழ்நாட்டு ஆளை எடுப்பவர் “ரசீது வழக்கமில்லை” என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

பின் என்ன செய்வது? திருமறையில் மிக நீளமான ஆயத்து சூரத்துல் பகராவின் 282ஆவது. அது தொழுகையைப் பற்றியதல்ல, கடன் எழுதுவதைப் பற்றியது. கடன்படுகிறவனே வாசகத்தைச் சொல்ல வேண்டும், எழுத்தர் நீதமாக எழுத வேண்டும், சாட்சி வேண்டும் என்று அதில் ஏவப்பட்டிருக்கிறது. நம் காரியத்தில் கடனைச் சுமப்பவன் அந்த ஆள். ஏஜண்டு சொல்ல நாம் எழுதுவதல்ல முறை; ஆள் சொல்ல நாம் எழுத வேண்டும்.

மத்யன் நகரத்துப் பெரியவர் மூஸா நபி (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தியதும் சூரத்துல் கஸஸில் இருக்கிறது. எட்டு வருஷம் தவணை. பத்தாக்குவது மூஸா நபியின் இஷ்டம். உமக்குச் சிரமம் தர நாடவில்லை என்பதையும் முதலாளியே வாய்விட்டுச் சொல்கிறார். வந்தவரோ ஊரைவிட்டு ஓடிவந்தவர், கேட்பாரில்லாதவர். அவரிடமே தவணை இப்படிப் பேசப்பட்டது.

நம் கண்டிராக்டர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, ஏஜண்டின் ஆள் இல்லாத நேரத்தில், ஆட்களை நம் கடைத் திண்ணையில் உட்கார வைத்தார். மொழி தெரிந்த ஒருவரை அழைத்து வந்தோம். யாரிடம், எவ்வளவு, எந்த ஊரில் கட்டினாய் என்று கேட்டார். முதலில் ஒருவரும் பேசவில்லை. அந்தச் சோப்புப் பையன்தான் தொடங்கினான். எழுதியதைப் படித்துக் காட்டி, சாட்சியாக நாமும் கையெழுத்திட்டோம். அந்தக் காகிதம் போனபின் பாஸ்போர்ட்டுகள் பத்து நாளில் திரும்பின. சம்பளத்தில் பிடித்தமும் நின்றது. பணம் பற்றி ஏஜண்டிடமிருந்து இன்னும் பதில் இல்லை. கண்டிராக்டர் தம் லாபத்திலிருந்து மாதம் கொஞ்சமாக ஆட்களுக்குக் கொடுத்து வருகிறார். ஏஜண்டின் பாக்கியிலும் அதைப் பிடித்து வைத்திருக்கிறார். ஏஜண்டு கோபித்துக்கொண்டு வேறு கண்டிராக்டரைத் தேடிப் போயிருப்பதாகக் கேள்வி. அவர் நம் ஜமாஅத்துக்காரராகவும் இருக்கலாம்.

அந்தக் கேள்விகளைத் தமிழிலும் மலாயிலும் வங்காளத்திலும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். வேண்டுவோர் அசருக்குப் பிறகு கடைக்கு வந்தால் நகல் தருவோம்.