கரைந்தது மறைந்ததா?

ஒளுச் செய்ய உட்காருகிறோம். தண்ணீரின் நிறமோ சுவையோ வாடையோ மாறியிருக்கிறதா என்று பார்ப்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த பாடம். ஒளு கூடுமா, கூடாதா என்ற மஸ்அலாவை நாம் இங்கே எடுக்கவில்லை. நம் கேள்வி வேறு. கண்ணுக்கும் நாவுக்கும் மூக்குக்கும் எட்டாத ஒன்றைத் தண்ணீரில் கலந்துவிட்டால், அதற்கு நாம் பொறுப்பாளிகளா, இல்லையா?

பிளாஸ்டிக் என்றதும் ஆற்றில் மிதக்கும் பைகளே நினைவுக்கு வருகின்றன. தண்ணீரில் கரைந்துவிடும் செயற்கைப் பாலிமர்களும் உண்டு. சலவைத் தூளிலும், தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவிலும், தொழிற்சாலைகளிலும் அவை பயன்படுகின்றன.

ஓர் உதாரணம் பார்ப்போம். நெசவில் பாவு நூல் அறுந்துபோகாமலிருக்கக் கஞ்சி போடுவது பழைய வழக்கம். மாவுக் கஞ்சியைக் கழுவி ஊற்றினால் நுண்ணுயிர்கள் அதை விரைவில் தின்றுவிடும். 1924-இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட பாலிவினைல் ஆல்கஹால் இன்று பல ஆலைகளில் அந்தக் கஞ்சியின் இடத்தைப் பிடித்திருக்கிறது. அதைத் தின்னப் பழகிய நுண்ணுயிர்கள் உள்ள சுத்திகரிப்புத் தொட்டியில் அது மக்கும். அவை இல்லாத இடத்தில் மெல்லத்தான் மக்கும். சலவைத் தூளில் சேரும் பாலிகார்பாக்சிலேட் வகைகளோ எளிதில் மக்குவதில்லை. ஒரு பங்கு கழிவுச் சேற்றில் தங்குகிறது. மீதி தண்ணீரோடு போகிறது. நேர்மின் ஏற்றமுள்ள சில பாலிமர்கள் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு அதன் மூச்சையே தடுக்கக்கூடியவை. பிளாஸ்டிக் துகளை வடிகட்டி எண்ணிவிடலாம். கரைந்ததை எந்தச் சல்லடையில் பிடிப்பது?

2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் நுண்பிளாஸ்டிக்குகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் கரையும் பாலிமர்களுக்கு அதில் விலக்கு உண்டு. அது திடத் துகள்களைப் பற்றிய சட்டம். ஆகவே விலக்கிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், சட்டம் கேட்காததெல்லாம் குற்றமற்றது என்று ஆகிவிடுமா?

இவையெல்லாம் தீயவை என்று நாம் சொல்லவில்லை. கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்க உதவும் பாலிஅக்ரிலமைடும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. நன்மை செய்யும் பொருளானாலும், வேலை முடிந்தபின் அது எங்கே போகிறது என்று கேட்பது பயன்படுத்தியவனின் கடமை. கடன் வாங்கியவன், கொடுத்தவன் மறந்துவிட்டான் என்பதற்காகக் கடனிலிருந்து நீங்கிவிடுவானா? ஆற்றின் கீழ்க்கரையில் இருப்பவர்களும் அதில் வாழும் உயிர்களும் நம்மிடம் வந்து கணக்குக் கேட்கப்போவதில்லை. அதனாலேயே நம் பொறுப்பு கூடுகிறது.

வீட்டில் நம்மால் ஆவது சிறிதுதான். ஒரு கரண்டித் தூள் போதுமான துணிக்கு இரண்டு கரண்டி போடாதிருக்கலாம். நுரை அதிகமானால் சுத்தமும் அதிகம் என்ற எண்ணத்தை விடலாம். ஆலை நடத்தும் சகோதரர்களுக்கோ பொறுப்பு பெரிது. கழிவைத் தெளிவாக்கினால் மட்டும் போதாது. அதில் கரைந்திருப்பது என்ன என்றும் அவர்கள் பார்க்கவேண்டும்.

கண்ணுக்கு மறைந்தவற்றையும் அறிபவன் ஒருவன் இருக்கிறான் என்று ஈமான் கொண்டவர்கள் நாம். கரைந்துவிட்டது என்பதால் கணக்கு முடிந்துவிட்டது என்று நாம் சொல்லலாமா? சிந்திப்போமாக!