கீழ்ப்படிந்தவரின் பொறுப்பு

பிறர் சொல்லுக்குக் கீழ்ப்படிகிறவர் தன் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்துவிடுகிறாரா? அறவியலின் இந்தப் பழைய கேள்வி நெரிசலான வான்வெளியில் உயிர்ப்பிரச்சினையாகிறது. 1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் அனுமதியின்றி நுழைந்த சிறிய பைப்பர் விமானம், செரிட்டோஸ் நகருக்கு மேலே ஏரோமெக்ஸிகோ பயணிகள் விமானத்தோடு மோதியது. தரையிலிருந்த 15 பேர் உட்பட 82 பேர் இறந்தார்கள். விசாரணை கட்டுப்பாட்டு முறையின் குறைகளையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. சிறு விமானம் தெரியாமல் நுழைந்ததையும் துணைக் காரணமாகக் கண்டது. கெட்ட எண்ணம் எவரிடமும் இல்லை. ஆனாலும் பலர் பகிரும் வெளியில் நல்லெண்ணம் போதாது. நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்யப்போகிறேன் என்று வானொலியில் அறிவிப்பதே அங்கே அறம்.

அப்படியானால் தனியார் விமானியின் சுதந்திரம் என்னாவது என்று கேட்கலாம். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் சொன்ன உயரத்தை விமானி திருப்பிச் சொல்வது வெறும் பணிவாகத் தோன்றும். உண்மையில் ஒருவர் பிழையை மற்றவர் பிடிக்க அதுவே வாய்ப்பு. அதோடு, அமெரிக்க விதிப்படி விமானத்தை இயக்குவதில் இறுதி அதிகாரம் விமானியுடையது. கண்பார்வையை நம்பிப் பறப்பவரை மேகம் இருக்கும் திசைக்குத் திருப்பினால், இயலாது என்று அவர் சொல்லியே ஆகவேண்டும். இதற்கு மாறாக, 1990-ல் நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த அவியாங்கா பயணிகள் விமானத்தின் குழுவினர், கட்டுப்பாட்டாளர்கள் காத்திருக்கச் சொன்னபோதெல்லாம் காத்திருந்தார்கள். அவசரநிலையை முறைப்படி அறிவிக்கவே இல்லை. 73 பேர் இறந்தார்கள்.