கட்டுதலும் காத்தலும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் உண்டென உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்தருளினார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், தாங்கவியலாத பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. கொல்லாதிருத்தல் மட்டும் போதாது. ஓர் உயிரைக் கட்டிவைத்தலும் விரதத்திற்கு மாசாகும் என்பது இதன் கருத்து. அங்ஙனமாயின், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள முனையும் மனநோயாளியை, அவர் மறுத்தும், பிடித்து நிறுத்தி மருத்துவமனையில் சேர்ப்பது அறமா, அதிசாரமா?

குற்றால அருவி நீர் தலையில் வீழ்ந்தால் சித்தம் தெளியும் என்னும் நம்பிக்கை தென்னாட்டில் நெடுங்காலமாக உண்டு. அதனால் மனநோயுற்றோரை உறவினர் அங்கு அழைத்து வருவதும் உண்டு. நீராடல் இதம் அளிக்கலாம். நோய்க்கு அது மருந்தாகாது. சாரல் காலத்தில் அங்கு வந்த ஒரு குடும்பத்தைக் கருதுவோம். மகனுக்குச் சில நாட்களாக உறக்கமில்லை. செவியில் ஒலிக்கும் குரல்கள் பாறையிலிருந்து குதிக்கச் சொல்வதாகக் கூறுகிறான். இரவில் அவனைத் தென்காசி அரசு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு வருகின்றனர். “எனக்கு நோயில்லை, என்னை விடுங்கள்” எனக் கதறுகிறான் மகன். “எப்படியாவது காப்பாற்றுங்கள் ஐயா” எனக் கைகூப்புகிறார் தந்தை. அன்றிரவு பணியிலிருப்பவர் மனநல மருத்துவர் அல்லர். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ 50 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அவர் உடனே முடிவு செய்தாக வேண்டும்.

அநேகாந்தம் கற்ற நாம் இருவர் சொல்லையும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். தன் உடல்மேல் தனக்கே உரிமை என்னும் மகனின் கூற்று மெய். விட்டால் இழந்துவிடுவோம் என்னும் தந்தையின் அச்சமும் மெய். ஒன்றை மட்டும் முழு உண்மை எனக் கொள்வது ஏகாந்தமாகும்.

பிரமத்த யோகத்தால் பிராணனுக்கு ஊறு விளைத்தலே ஹிம்சை என்பது நம் சாத்திர இலக்கணம். பேச்சுவழக்கில் ‘பிரமாதம்’ வேறு பொருள் பெற்றுவிட்டது. சாத்திரத்தில் அது விழிப்பின்மையைக் குறிக்கும். கத்தியால் அறுக்கும் மருத்துவரும் நோவு தருகிறார். எனினும் நோய் தீர்க்கும் நோக்கமும் கவனமும் இருத்தலால் அவரை ஹிம்சகர் என்பதில்லை. மகனைத் தடுத்து நிறுத்துவதும் இத்தன்மையது எனலாம்.

ஆனால் நல்லெண்ணம் ஒன்றே போதுமா? போதாது என்பதற்கு ஏர்வாடி சான்று. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் விடியற்காலையில், மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்களைத் தர்காவை நம்பி அழைத்துச் சென்ற உறவினர் எல்லாரும் கொடியவர் அல்லர். குணமாகும் என்று நம்பினர். முதல் நாள் சங்கிலி பூட்டியபோது அன்பு இருந்திருக்கலாம். பூட்டியபின் யாரும் திரும்பிப் பாராததே பிரமாதம்.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த விழிப்பையே விதிகளாக்கியுள்ளது. அதன் 94 ஆம் பிரிவின்படி, உயிருக்கோ உடல்நலத்திற்கோ பெருங்கேடு நேராமல் தடுக்க உடனடித் தேவை இருப்பின், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசரச் சிகிச்சை அளிக்கலாம். நோயாளியின் பிரதிநிதி உடனிருந்தால் அவர் சம்மதம் பெற வேண்டும். இதன் எல்லை 72 மணி நேரம். அதற்குள் மனநல நிலையத்தில் பரிசோதனை நடந்துவிட்டால் அத்துடன் முடியும். அதன்பின் விருப்பமின்றிச் சேர்ப்பதாயின், 89 ஆம் பிரிவின்படி, மனநல மருத்துவர் ஒருவரும் மற்றொருவரும் தனித்தனியே பரிசோதித்து உடன்பட வேண்டும். அதுவும் 30 நாட்கள் வரையே. மறுசீராய்வு வாரியத்திடம் முறையிடும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. சங்கிலியிடுதல் எவ்வகையிலும் கூடாது. தண்டனையாகவோ, பணியாளர் பற்றாக்குறையைச் சொல்லியோ கட்டுப்படுத்தி வைத்தலும் கூடாது.

இத்தனை காவல் இருந்தும் மருத்துவர் பிழைபடலாம். தேவையின்றி நிறுத்திவிட்டால் பின்னர் அம்மகனிடம் மன்னிப்புக் கோரலாம். போகவிட்டு அவன் மாண்டால் மன்னிப்புக் கோர ஆளில்லை. இந்த வாதம் வலிமையுடையது, ஆயினும் ஆபத்தானது. இதைக் கொண்டு, வீட்டிற்கு அடங்காதவரையும், சொத்துத் தகராற்றில் எதிர்நிற்பவரையும்கூட அடைத்துவிடலாம் அன்றோ? ஆதலின் மருத்துவர் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். ஆபத்து உண்மையிலேயே அண்மையில் உள்ளதா? அது பெரிதா? பொறுமையாகப் பேசுதல், உறவினர் ஒருவர் இரவெல்லாம் உடனிருத்தல் முதலிய மென்மையான வழிகள் தீர்ந்தனவா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை வந்தாலன்றி, மறுப்பவர்மேல் கை வைத்தல் அதிசாரமே.

குடும்பத்தார்க்கும் கடமை உண்டு. மருத்துவமனையில் சேர்த்ததோடு பொறுப்பு நீங்கிவிடாது. நாள்தோறும் சென்று காணுதல், உண்டாரா உறங்கினாரா எனக் கேட்டல், வீடு திரும்பும் நாளை எண்ணியிருத்தல் ஆகியவையே கட்டுதலைக் காத்தலாக்கும். தெளிவு பெற்றபின், அடுத்த முறை தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், யார் தம் பிரதிநிதி என அவரையே எழுதச் செய்யலாம். சட்டம் இதற்கும் இடமளிக்கிறது. அவர் விருப்பத்தைக் கேட்கத் தக்க காலம் அதுவே.

அன்று பிடித்து நிறுத்திய கைகள் பின்னர் அவர்முன் கூப்பி க்ஷமை வேண்டுதலும் தகும். செய்தது சரியே எனினும் அவருக்கு நேர்ந்த நோவு நோவே. அதை மறவாதிருத்தலே அஹிம்சை விரதியின் இலக்கணம்.