தூரத்துக் காயமும் வீட்டு ஏக்கமும்

பிறர் சிநேகத்துக்காக வீட்டை விட்டுப் போகிறவன், வீட்டை நினைத்து ஏங்குவது குறையா?

1950 நவம்பரில் நமது தேசத்தின் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு கொரியா சேர்ந்தது. தலைவர் லெப்டினென்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். போனது சண்டையிட அல்ல, காயங்கட்ட. டிசம்பரில் படைகள் பியாங்யாங்கை விட்டுப் பின்வாங்கின. இவர்களுக்கோ வண்டி போதவில்லை. கிடந்த ஒரு ரயிலைப் பிடித்து, வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றி நீராவி ஏற்றி, மருத்துவச் சாமான்களுடன் தெற்கே வந்து சேர்ந்தார்கள். போட்டுவிட்டு ஓடியிருந்தால் யார் பழித்திருப்பார்? 1951 மார்ச்சில் அமெரிக்கப் படையோடு சிலர் பாராசூட்டில் குதிக்கவும் செய்தார்கள். ரங்கராஜ் மகாவீர் சக்கரம் பெற்றார்.

ஆனால் இப்படிப்பட்ட நாட்கள் சில. மற்ற நாளெல்லாம் கருவிகளைக் கொதிக்கவைப்பதும் கட்டுத்துணி சுருட்டுவதுமே வைத்தியச் சிப்பாயின் வேலை. கை ஓய்ந்த அந்த வேளையில்தான் ஊர்ச் சிநேகிதர் முகம் வரும்.

அது பலவீனம் என்பாருண்டு. எனக்குச் சம்மதமில்லை. தனக்காகக் காத்திருப்பவரை நினைக்கிறவனுக்கே, கட்டிலில் கிடப்பவனும் ஒரு தாயின் பிள்ளை என்பது உறைக்கும். நல்ல சமாரித்தனும் மறுநாள் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்துவிட்டுத் தன் வழியே போனான். எந்த வீட்டில் அவனுக்காக விளக்கு எரிந்ததோ!

கஷ்டமான கேள்வி வேறு. அவன் தர்மத்துக்கு விலை கொடுப்பது, அதைத் தேர்ந்துகொள்ளாத தாயாரும்தானே? விளாங்குடியில் அப்படியொருத்தியிடம் “மகன் புண்ணியம் செய்கிறான்” என்பது நமக்கு எளிது. அவளோ கைபேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்காமல் கிடக்கிறாள்.